பட்டறையில் ஐந்தாம் நம்பர் பாட்டு

அக்கா வீட்டுக்கு சிடி பிளேயர் வந்த அன்று அது பாடவில்லை.

எண்பதுகளின் கடைசி வருடங்கள். நாமக்கல்லில் அப்படியொரு கருவி அதற்கு முன் வந்ததாக எனக்குத் தகவல் இல்லை. மஸ்கட்டில் வேலை பார்த்த அக்காவின் மருமகன் பம்பாய் வழியாக, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு அதைக் கொண்டுவந்திருந்தார். கருப்பு நிறம், தட்டையான உடம்பு, தூக்கினால் நாம் எதிர்பார்க்காத கனம். பொத்தானை அழுத்தினால் இழுப்பறை ஒன்று தானாக வெளியே வந்தது. பளபளக்கும் சின்னத் தட்டை அதில் வைத்தால் தானாக உள்ளே போனது. அதுவரை எல்லோரும் மெச்சினார்கள். உள்ளே போன பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரர் வீடு என்பதால் உதவிக்கு ஆள் பஞ்சமில்லை. பட்டறையிலிருந்து நாலைந்து பேர் திருப்புளியோடு வந்து நின்றார்கள். முதலில் கழற்றுவது, பிறகு யோசிப்பது என்பது அவர்கள் தொழில்முறை. லாரிக்கு அது பொருந்தும். நான் குறுக்கே கை நீட்டித் தடுத்தேன்.

நான் அப்போது கோட்டாட்சியர் அலுவலகத்தில் இருந்தேன். குடும்பத்தில் என் தகுதி, இங்கிலீஷில் அச்சிட்ட எதையும் கடைசி வரி வரை படிப்பவன் என்பது. முதலில் சுங்கத் தீர்வை கட்டிய ரசீது இருக்கிறதா என்று கேட்டேன். மருமகன் முகம் சுருங்க எடுத்துக் காட்டினார். பிறகு கையேட்டைக் கேட்டேன். பெட்டியோடு சேர்த்து அதை எறிந்திருந்தார்கள். மாட்டுக் கொட்டகையிலிருந்து மீட்டு வந்தார்கள். அரசாணையைப் படிப்பதுபோல் முன்னுரையிலிருந்து தொடங்கினேன். மூன்றாம் பக்கத்தில் விஷயம் இருந்தது. கருவியின் அடிவயிற்றில் இரண்டு சிவப்புத் திருகாணிகள் உண்டு. பயணத்தில் உள்ளே இருக்கும் லேசர் ஆடாமல் பிடித்துக்கொள்வதற்காக வைத்தவை. வந்து சேர்ந்ததும் கழற்ற வேண்டும். மறுபடி இடம் மாற்றினால் மறுபடி முடுக்க வேண்டும். கழற்றினோம். பாடியது. திருப்புளிக்காரர்கள் ஏமாற்றத்தோடு திரும்பிப் போனார்கள்.

கருவியோடு இலவசமாக ஒரு தட்டு வந்திருந்தது. அதில் பாட்டே கிடையாது. ரயில் இடது ஸ்பீக்கரிலிருந்து வலது ஸ்பீக்கருக்குப் போகும், கண்ணாடி உடையும், இடி இடிக்கும், மழை பெய்யும். ஊரே வந்து அந்த ரயிலைக் கேட்டுவிட்டுப் போனது. ஸ்பீக்கர் பெட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய ஆம்ப்ளிஃபயரோடு இணைத்திருந்த அவை பட்டறையில் மிஞ்சிய பலகையில் செய்தவை. மூலைக்கு மூலை இரும்பு ஆங்கிள், சுற்றிலும் போல்ட், மேலே லாரிக்கு அடிக்கும் அதே மஞ்சளும் பச்சையும். பின்பக்கம் ‘சாலை விதிகளை மதிப்போம்’ என்று எழுதாததுதான் பாக்கி.

மச்சான், அதாவது அக்காவின் கணவர், முதல் நாள் என்னிடம் கேட்ட கேள்வி: “மாப்ள, இதுக்கு லைசென்சு எதாச்சும் வாங்கோணுமா?”

நியாயமான கேள்வி. சில வருடங்களுக்கு முன்வரை ரேடியோ வைத்திருந்தவர்கள் தபாலாபீசில் லைசென்ஸ் எடுத்துப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். இது காற்றிலிருந்து எதையும் எடுப்பதில்லை, ஆகவே தேவையில்லை என்றேன். பின்னே எங்கிருந்து எடுக்கிறது என்றார். தட்டிலிருந்து. முள் இல்லாமலா? வெளிச்சத்தால் என்றேன். எனக்கு வேறு இலாகாவுக்கு மாற்றல் வந்துவிட்டதுபோல் பரிதாபமாகப் பார்த்தார்.

இதையெல்லாம் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டார் என்பதை அன்று நான் கவனிக்கவில்லை.

மச்சானின் காதைப் பற்றி நாமக்கல்லில் லாரி சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் தெரியும். பாடி கட்டி முடித்த வண்டியைப் பார்ட்டியிடம் ஒப்படைக்கும் முன் பட்டறைக்காரர் அதைச் சுற்றி வந்து தட்டிப் பார்ப்பது எங்கள் ஊர் முறை. தச்சர்கள் உளியடிக்கும் கொட்டாப்புளிதான் கருவி. மரத்தாலான அந்தச் சுத்தியால் பலகைக்குப் பலகை, மூட்டுக்கு மூட்டு தட்டுவார். இறுகிய மூட்டு ஒரு மாதிரிச் சொல்லும், தளர்ந்த மூட்டு வேறு மாதிரிச் சொல்லும். தளர்ந்ததை அங்கேயே முறுக்கிவிட்டுத்தான் சாவி கைமாறும். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. மோட்டார் வாகன ஆய்வாளர் நீளம், அகலம், உயரம் அளந்து கையெழுத்துப் போடுவார், தட்ட மாட்டார். ஆனாலும் ஆய்வாளர் கையெழுத்தைவிட மச்சான் தட்டியதற்கு மதிப்பு அதிகம். “அவரு காதுல பாசான வண்டி” என்று டிரைவர்கள் நாக்பூர் வரைக்கும் சொல்லிக்கொண்டு போவார்கள்.

பட்டறை அவர்கள் அப்பா விட்டுப்போனது. மச்சானுக்கும் அவர் தம்பிக்கும் சரிபாதி. ஆனால் தட்டுகிறவர்தான் முதலாளி. மற்றவர் மரமும் தகடும் வாங்கப் போகிறவர். தம்பி வெகுகாலமாக மரமும் தகடும் வாங்கிக்கொண்டிருந்தார்.

தகட்டை ரிவிட் அடிக்கும் பட்டறையில் இளம் வயதிலிருந்து நின்றவருக்குக் காது எவ்வளவு நாள் இருக்கும் என்று யோசித்திருந்தால் எங்களுக்கு முன்பே விளங்கியிருக்கும். யாரும் யோசிக்கவில்லை. எதிரில் நின்று பேசினால் அவர் சரியாகப் பதில் சொன்னார். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாததை முதலாளித்தனம் என்று எடுத்துக்கொண்டோம்.

சிடி பிளேயரால்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் வீட்டில் இசைத்தட்டு இருந்தது, பிறகு கேசட் இருந்தது. இரண்டிலும் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். தட்டு சுற்றும், முள் நகரும், டேப் ஒரு பக்கம் இளைத்து மறுபக்கம் பெருக்கும். இதிலோ எல்லாம் இழுப்பறைக்குள். வெளியே தெரிவது ஒரு சின்னக் கண்ணாடியும் அதற்குள் பச்சையும் நீலமுமாக எரியும் எண்களும்தான். எத்தனையாவது பாட்டு, அது தொடங்கி எத்தனை நிமிடம், எத்தனை நொடி. எங்களுக்கு அந்த எண்கள் வேடிக்கை. மச்சான் அவற்றிலிருந்து வேறு பயன் எடுத்தார்.

மருமகன் கொண்டுவந்த சினிமாப் பாட்டுத் தட்டில் ஐந்தாம் பாட்டின் நடுவில் புல்லாங்குழல் ஒன்று தனியாக வரும். வந்த வாரத்தில் மச்சானின் மகள் அதைக் கேட்டுத் துள்ளியபடி அப்பாவிடம் எதிரில் நின்று சொல்லியிருக்கிறாள். அப்போது கண்ணாடியில் என்ன எண் இருந்தது என்பதை மச்சான் மனதில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு யார் வந்தாலும், “அஞ்சாம் நம்பரப் போடு” என்பார். எண்ணைப் பார்த்தபடி விரலால் தொடையில் தாளம் போடுவார். அந்த நிமிடம் நெருங்கும்போது விரலை உயர்த்துவார். “இப்ப வரும் பாருங்க, புல்லாங்குழலு.” வரும். வந்தவர்கள் மச்சானின் சங்கீத ஞானத்தை வியப்பார்கள். பாட்டின் சத்தம் வந்தவர்களுக்கு ஏற்றபடி அளவாக வைக்கப்பட்டிருக்கும். அந்த அளவில் அவருக்கு ஒன்றும் கேட்காது என்று யாருக்குத் தெரியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் மட்டும் இருந்தோம். யாரோ தட்டை மாற்றி வைத்திருந்தார்கள். மச்சான் ஐந்தாம் நம்பரை அழுத்தினார். அந்த இலவசத் தட்டில் ஐந்தாம் நம்பர் இடியும் மழையும். அவர் தாளம் போட்டார். வானம் உடைந்து விழுந்துகொண்டிருந்தபோது விரலை உயர்த்திச் சொன்னார், “இப்ப வரும் பாரு மாப்ள, புல்லாங்குழலு.”

நான் காப்பியைக் குடித்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து, “அவருகிட்ட ஒண்ணும் கேட்டுப்போடாத சாமி” என்றாள்.

நான் கேட்கவில்லை. கோரப்படாத விளக்கத்துக்குக் குறிப்பு எழுதுவது அலுவலக முறையல்ல. அக்காதான் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். சேலத்தில் காது டாக்டரிடம் போயிருக்கிறார்கள். நரம்பு கெட்டுவிட்டது, மருந்து இல்லை, மெஷின் வைக்கலாம் என்றாராம். வாங்கியும் வந்தார்கள். சட்டைப் பையில் தீப்பெட்டி போல ஒரு பெட்டி, அதிலிருந்து காது வரைக்கும் ஒயர். மச்சான் அதைக் கண்ணாடி முன் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துவிட்டார். இதை மாட்டிக்கொண்டு லாரியைத் தட்டினால் எவன் சாவியை வாங்குவான் என்று கேட்டிருக்கிறார். 

தம்பிக்கு இது எப்போது தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததும் அவர் சும்மா இருக்கவில்லை. திருச்சி ரோட்டு டீக்கடையில் சிரித்துக்கொண்டே சொன்னதாக என் காதுக்கு வந்தது: “எங்கண்ணன் இப்பெல்லாம் ஆரன் அடிச்சாத்தானுங்க திரும்பறாரு. வண்டியத் தட்டறதென்னவோ தட்டறாரு. கேக்கறது யாருன்னுதான் தெரியல.”

டீக்கடையில் சொன்னது சங்ககிரிக்குப் போக அதிக நேரம் ஆகாது. அங்கே லாரிகள் வைத்திருந்த ஒருவர் அந்தச் சமயம் பட்டறையில் புது வண்டிக்குப் பாடி கட்டக் கொடுத்திருந்தார். ஆயுத பூஜைக்கு மறுநாள் ஒப்படைப்பு என்று பேச்சு. அவர் ஆள் மூலம் சொல்லியனுப்பினார்: தட்டுகிறவர் யாராக இருந்தாலும் சரி, காது கேட்கிறவராக இருக்கட்டும். மரியாதையாகத்தான் சொல்லியிருந்தார். ஆனால் இது டீக்கடைப் பேச்சு அல்ல. பார்ட்டியின் வாயிலிருந்து வந்தது. ஒரு பார்ட்டி அப்படிக் கேட்டு, தம்பி கொட்டாப்புளியை எடுத்தால், அன்றோடு மச்சான் மரமும் தகடும் வாங்கப் போக வேண்டியதுதான்.

மச்சான் இதற்குப் பதிலைப் பட்டறையிலேயே சொல்ல முடிவு செய்தார். ஆயுத பூஜை அன்று காலையில் சிடி பிளேயரைப் பட்டறைக்கு எடுத்து வரச் சொன்னார். ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் பெட்டிகள் எல்லாவற்றோடும்.

“இதும் மிசினுதான. பூசைல வெக்கோணும்” என்றார்.

அவர் திட்டம் எனக்கு விளங்கியது. பூஜையில் வைத்த கருவிகளை அன்று தொடக் கூடாது. மறுநாள் மறுபூஜை போட்டு, ஒவ்வொன்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துத்தான் வேலை தொடங்கும். துளை போடும் மெஷினை ஒரு சுற்று, வெல்டிங்கில் ஒரு பொறி, ரம்பத்தில் ஒரு இழுப்பு. அந்த வரிசையில் சிடி பிளேயரும் ஒரு பாட்டுப் பாடும். சங்ககிரிப் பார்ட்டி அங்கே இருப்பார். மச்சான் புல்லாங்குழலுக்கு விரலை உயர்த்துவார். காது கேட்காதவன் இப்படியா கேட்பான்?

நான் சிவப்புத் திருகாணிகளை முடுக்கி அனுப்பினேன். பட்டறையில் அக்கா எல்லாவற்றையும் துடைத்தாள். பூஜை என்றால் அவளுக்கு அரைகுறையாகத் துடைக்க வராது. ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றி, தூசி தட்டி, வட்டமாகச் சுருட்டி, பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தாள். அந்தச் சுருள்களின் மேலும் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் கதம்பத்தைக் கோத்துவிட்டாள். கருவிக்கும் பொட்டு வைத்தாள். இழுப்பறைக்குள் பொட்டு வைக்கக் கூடாது என்று நான் வாய்மொழியாக உத்தரவிட்டேன். அந்த ஒன்று மட்டும் நடைமுறைப்படுத்தப்பட்டது.

மறுநாள் காலையில் எல்லோரும் வந்திருந்தார்கள். பட்டறை ஆட்கள் மரக் குவியல் மேல் உட்கார்ந்திருந்தார்கள். சங்ககிரிக்காரர் மடக்கு நாற்காலியில், தோளில் புதுத் துண்டோடு. அக்கா பட்டறையின் ஆபீஸ் அறைக் கதவருகே. தம்பி ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பின்னால் தகடுகள் மேல் சாய்ந்து நின்றார். மறுபூஜை முடிந்தது. பூசணிக்காய் உடைத்தாயிற்று. நான் முன்னே போய்ச் சிவப்புத் திருகாணிகளைக் கழற்றினேன். பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயரைக் கையேட்டில் உள்ளபடி சிவப்பில் சிவப்பு, வெள்ளையில் வெள்ளை என்று செருகினேன். ஆம்ப்ளிஃபயரில் சின்ன விளக்கு எரிந்தது. கையேட்டின்படி எல்லாம் சரி. ஸ்பீக்கர் ஒயர் பற்றிக் கையேடு ஒன்றும் சொல்லவில்லை. அது ஆம்ப்ளிஃபயர்காரன் விவகாரம்.

மச்சான் உட்கார்ந்தார். ஐந்தை அழுத்தினார். கண்ணாடியில் எண்கள் ஓடத் தொடங்கின.

ரோட்டில் முட்டை லாரி ஒன்று கியர் மாற்றிக்கொண்டு போனது கேட்டது. கொட்டகைத் தகட்டின் மேல் காக்கை நடந்தது கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

முதலில் பாட்டு மெதுவாகத் தொடங்கும் போலிருக்கிறது என்று எல்லோரும் காத்திருந்தார்கள். புதுக் கருவி, அதன் வழக்கம் யாருக்குத் தெரியும்? பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மச்சானைப் பார்த்தார்கள். மச்சான் கண்ணாடியில் கண் வைத்து, தலையை லேசாக ஆட்டியபடி, விரலால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு யாரும் அசையவில்லை. முதலாளி கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டை, கேட்கவில்லை என்று எந்தத் தொழிலாளி சொல்வான்? மரக் குவியலில் இருந்தவர்கள் முதுகை நேராக்கிக்கொண்டார்கள். ஒருவர் வெற்றிலையை மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டார். மச்சான் சுற்றிப் பார்த்தார். இவ்வளவு கருத்தோடு யாரும் அந்தப் பாட்டை அதற்கு முன் கேட்டதில்லை. அவர் முகம் மலர்ந்தது.

தம்பி, தன் காலடியில் பூச்சுற்றிக் கிடந்த ஒயரைப் பார்த்துவிட்டார். நான் அவர் பார்த்ததைப் பார்த்தேன். ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஒரு வாக்கியம் போதும். உரக்கச் சொல்ல வேண்டியதுகூட இல்லை. சங்ககிரிக்காரருக்குக் கேட்டால் சரி. அக்கா கதவருகிலிருந்து கொழுந்தனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சான் விரலை உயர்த்தினார். “இப்ப பாருங்க.”

எல்லோரும் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். மரக் குவியலிலிருந்து வயதான தச்சர் ஒருவர், “ஆமாங்க” என்றார்.

பாட்டு முடிந்தது. முடிந்தது என்பது எண் ஐந்திலிருந்து ஆறுக்கு மாறியதால் எங்களுக்கும் தெரிந்தது. மச்சான் சங்ககிரிக்காரர் பக்கம் திரும்பினார்.

“எப்படீங்க?”

சங்ககிரிக்காரர் துண்டால் வாயைத் துடைத்தார். தம்பியைப் பார்த்தார், மரக் குவியலைப் பார்த்தார், கடைசியாக மச்சானைப் பார்த்துச் சொன்னார், “கரகரப்பே இல்லீங்க. சுத்தமா இருக்குதுங்க.”

“முள்ளு இல்லீங்கல்ல. அதான்” என்றார் மச்சான்.

தம்பி பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து வந்தார். அண்ணன் முகத்துக்கு நேரே நின்று, “போதுங்கண்ணா. நல்ல நேரம் போகுது. வண்டியப் பாத்துரலாம்” என்றார். நான் கருவியை அணைத்தேன்.

வண்டி மாவிலையும் சாமந்தியுமாக வெளியில் நின்றது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். மச்சான் கொட்டாப்புளியை எடுத்து முன்பக்கத்திலிருந்து தொடங்கினார். தட்டினார், தலையைச் சாய்த்தார், நகர்ந்தார். வழக்கத்தில் ஒரு குறையும் இல்லை. சங்ககிரிக்காரர் இரண்டடி பின்னால் நடந்தார். நாங்கள் எல்லோரும் அவருக்குப் பின்னால். பாட்டின்போது தவறவிட்ட சத்தத்தையெல்லாம் சேர்த்துப் பிடிப்பதுபோல் ஒவ்வொரு தட்டையும் கேட்டோம்.

இடது பக்கம், கேபினை ஒட்டிய பலகையில் சத்தம் மாறியது. எனக்கே தெரிந்தது, நான் வாழ்க்கையில் கோப்பைத் தவிர எதையும் தட்டிப் பார்த்தவன் அல்ல. மச்சான் அதைத் தாண்டி அடுத்த பலகைக்குப் போனார்.

சங்ககிரிக்காரர் நின்றுவிட்டார். தம்பி பக்கம் திரும்பினார். கேள்வி அவர் முகத்திலேயே இருந்தது.

தம்பி நாலு எட்டு வைத்து முன்னே போனார். அந்தப் பலகை மேல் உள்ளங்கையை வைத்து, களைப்பில் சாய்கிறவர்போல் நின்றுகொண்டார். அடுத்த பலகையைத் தட்டிக்கொண்டிருந்த மச்சானின் கண்ணில் அந்தக் கை பட்டது. கையைப் பார்த்தார். தம்பி முகத்தைப் பார்த்தார். கண்ணாடியில் எண் மாறுவதைப் பார்ப்பாரே, அதே பார்வை.

திரும்பி வந்தார். தம்பியின் கைக்குப் பக்கத்தில் ஒருமுறை தட்டினார்.

“இங்க லூசு இருக்குது. முறுக்குங்கடா.”

ஆட்கள் ஓடிவந்து முறுக்கினார்கள். மறுபடி தட்டினார். தம்பி மெல்லக் கண்ணை மூடித் திறந்தார். “ம்” என்று மச்சான் நகர்ந்தார். வண்டி முடியும்வரை தம்பி பக்கத்திலேயே நடந்தார். சங்ககிரிக்காரர் சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவருக்கு என்ன புரிந்தது என்று நான் ஆராயவில்லை. முறுக்க வேண்டியது முறுக்கப்பட்டது. ஒரு லாரிக்காரருக்கு அதற்கு மேல் தேவையில்லை.

மாலையில் சாமான்களை வீட்டுக்கு ஏற்ற வேண்டியிருந்தது. நான் தரையில் உட்கார்ந்து சிவப்புத் திருகாணிகளை முடுக்கிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கப் போன மச்சான் குனிந்தவர் குனிந்தபடி நின்றார். ஒயர்ச் சுருளைக் கையில் எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. கதம்பம் வாடியிருந்தது, நார் அறுபடவில்லை.

“மாப்ள, இது நேத்து உங்கக்கா வெச்ச பொட்டா?”

“ஆமாங்க மச்சான்.”

“எல்லாரும் உக்காந்திருந்தாங்கல்ல?”

“இருந்தாங்க.”

“முழுப் பாட்டும்?”

“முழுப் பாட்டுங்க.”

ஒயர்ச் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தோள்கள் குலுங்கத் தொடங்கின. நான் பயந்துபோய் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“அந்தச் சங்ககிரியான், சுத்தமா இருக்குதுன்னானே” என்றார்.

“கரகரப்பே இல்லைன்னும் சொன்னாருங்க.”

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சின்னவன்?”

“பெட்டிக்குப் பின்னாடிதான் நின்னாருங்க. ஒயரப் பாத்தாரு.”

மச்சான் சந்தனத்தை நகத்தால் சுரண்டி உதிர்த்துவிட்டு, ஒயரை மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வண்டி ஒப்படைப்பின்போது நானும் போயிருந்தேன். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. பார்ட்டி வந்து நின்றதும் மச்சான் கொட்டாப்புளியை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். தம்பி வாங்கவில்லை.

“நீங்க தட்டுங்கண்ணா. நாங் கூட வாரேன்.”

“நீ தட்டு” என்றார் மச்சான். “தட்டிப்போட்டு எனக்கு மொகத்தக் காட்டு.”

அப்படியே நடந்தது. தம்பி தட்டுவார், திரும்புவார். மச்சான் அந்த முகத்தைப் பார்த்து “ம்” என்றோ “முறுக்கு” என்றோ சொல்வார். அந்தச் சொல் இல்லாமல் தம்பி அடுத்த பலகைக்குப் போவதில்லை. பார்ட்டிகளுக்கு இது பிடித்துப்போனது. முன்பு ஒருவர் பார்த்ததை இப்போது இருவர் பார்ப்பதாக வெளியில் சொன்னார்கள். எனக்கு இதில் புதுமை ஒன்றும் தெரியவில்லை. எங்கள் அலுவலகத்திலும் கீழே இருப்பவர் குறிப்பு எழுதுவார், மேலே இருப்பவர் குறிப்பு எழுதியவரின் முகத்தைப் பார்த்து ஒப்பமிடுவார். மேலே இருப்பவர் படித்தாரா என்று எந்த மனுதாரரும் கேட்டதில்லை. டீக்கடையில் தம்பி அந்தப் பேச்சை விட்டுவிட்டார். வேறு யாராவது எடுத்தால், எங்கண்ணனுக்கு என்ன கேட்க வேண்டுமோ அது கேட்கிறது என்று சொல்வாராம்.

வீட்டில் ஒரு மாறுதல் வந்தது. மறைக்க ஒன்றுமில்லை என்றான பிறகு மச்சான் ஆம்ப்ளிஃபயரைத் தன் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். அதன் சத்தக் குமிழைத் தன் காதுக்கு ஏற்ற அளவில் திருப்பினார். தெரு முனையில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் ஐந்தாம் நம்பரை மனப்பாடம் செய்தார்கள். அக்கா சாயங்காலத்தில் கோயிலுக்குப் போகும் வழக்கத்தைத் தொடங்கினாள். அண்டை வீட்டுக்காரர் என்னிடம் முறையிட்டார். கூம்பு ஒலிபெருக்கியைத் திறந்தவெளியில் கட்டினால்தான் காவல் நிலையத்தில் அனுமதி பெற வேண்டும், சொந்த வீட்டுக்குள் லாரிப் பலகையில் செய்த பெட்டிக்கு அது பொருந்தாது என்று விளக்கினேன். மனு எழுதித் தரச் சொன்னார். யாருக்கு முகவரி இடுவது என்று கேட்டேன். போய்விட்டார்.

ஒருநாள் அந்தச் சத்தத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். பெட்டியின் போல்ட்கள் அதிர்ந்தன. மச்சான் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். தாளமும் பாடுகிறவரின் குரலும் அந்த அளவில் அவருக்கு எட்டின என்று நினைக்கிறேன். நடுவில் கண்ணைத் திறந்தார். டாக்டர் சொல்லியிருந்தார், முதலில் போவதும் கடைசிவரை திரும்பாததும் மெல்லிய உயர்ந்த சத்தங்கள்தான் என்று. புல்லாங்குழல் வரும் இடத்துக்கு மட்டும் அவர் கண்ணாடியில் எண்ணைத்தான் பார்த்தார். நேரம் வந்ததும் விரலை உயர்த்தி, திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

“வந்துச்சுங்க” என்று தலையாட்டினேன். வந்திருந்தது.